நாடகப் பெண்ணுக்கு நாற்பத்துமூன்று கடிகாரம்

நாடகத்தின் இரண்டாம் காட்சியில் கல்யாணப் பெண்ணாக நடித்தவளுக்கு நாற்பத்துமூன்று சுவர்க் கடிகாரங்கள் பரிசாக வந்தன. நிஜக் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் கழுத்து மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். நானூறு நாற்காலியும் நிரம்பி வழிந்தது. திங்கட்கிழமை காலை நாடகக் குழுவின் சௌகத் அலி இப்படிச் சொன்னதும் கலையரங்க மேலாளர் ஜெயகிருஷ்ணன் காபி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"பாய், போன மாசம் முப்பது பேர் வந்ததை முந்நூறுன்னு சொன்னீங்க."

"அது ஒரு பூஜ்யம் கை தவறி விழுந்திருச்சு சார். இது சத்தியம்."

"வேதசிரோமணி சார் வந்து ஆமான்னு சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

அதுதான் சிக்கல். வேதசிரோமணி முப்பத்துநான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்தால்கூட ஐந்து வயது ஆகியிருக்குமோ, அரை டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுகிறதோ என்று யோசிப்பவர். ஓய்வு பெற்றபின் கலையரங்க வாசலில் சம்பளமில்லாமல் நின்று தலை எண்ணுவது அவர் வேலை. அவர் கையெழுத்துப் போட்ட எண்ணிக்கையைத்தான் மேலாளர் மேலே அனுப்புவார்.

தாம்பரம் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்த அரங்கத்தைக் கலைக்காகக் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் அங்கே ரிசப்ஷன்தான். சனிக்கிழமை மட்டும் ரத்தினபாயின் நாடகத்துக்கு மிச்சம். டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரத்தினபாய், நான்கைந்து ஆபீஸ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆறு வருஷமாக நாடகம் போடுகிறார். இந்தச் சனிக்கிழமை பாதி அரங்கமாவது நிறையாவிட்டால் அந்த நாளும் ரிசப்ஷனுக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்புறம் பள்ளிக்கரணையிலிருந்து கேளம்பாக்கம் வரை தேடினாலும் ரத்தினபாய்க்கு இன்னொரு மேடை கிடைக்காது.

இரண்டு நாள் முன்பு, அந்தச் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வேதசிரோமணி எண்ணியது பத்தொன்பது தலை. அதில் மூன்று ஏசிக்காக வந்தவை. ரத்தினபாயின் ஒரு நாடகத்தையும் அவர் தவறவிட்டதில்லை. ஆனாலும் பத்தொன்பதை இருநூறாக எழுத அவர் கை வளையாது.

ஆறே முக்காலுக்கு வேன்கள் வந்து நின்றன. பட்டுப்புடவைகள் இறங்கின. சென்ட் வாசனை கிழக்கு தாம்பரம் முழுவதையும் மூடியது. நாடகம் பார்க்க யார் பட்டு கட்டுவார்கள்? அதுவும் ஆளுக்கொரு பரிசுப் பொட்டலத்தோடு? வேதசிரோமணியின் மூக்கு விடைத்தது. திரும்பிப் பார்த்தார். வாசலில் இரண்டு வாழைமரம், சீரியல் பல்பு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். பழைய மைக்செட் முதலாளியான சௌகத் அலி பக்கத்தில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"பாய், இது என்ன வேலை?"

"கல்யாண நாடகம் சார். வாசல்லேயே ஆரம்பிச்சிரணும்."

"இவங்கள எங்கேர்ந்து பிடிச்சிட்டு வந்தீங்க? பிரியாணி போடறதா சொன்னீங்களா?"

"அல்லா மேல ஆணை. மரம் கட்டினது நான். வந்தது அவங்க."

பக்கத்துத் தெரு மண்டபத்தில் அன்று நிஜமாகவே ஒரு ரிசப்ஷன். அந்தத் தெருவை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வழி தெரியாமல் சுற்றிய கூட்டம் வாழைமரத்தைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது. அதற்குள் திரை விலகி இரண்டாம் காட்சி. மேடையில் இரண்டு ஜரிகை நாற்காலி, மாலையோடு பெண்ணும் மாப்பிள்ளையும். பெண்ணின் அப்பா தன் அண்ணன்மேல் இருபது வருஷக் கோபத்தில் மண்டபத்துக்குள் வரமாட்டேன் என்று வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வருவாரா என்று இருவரும் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதுதான் காட்சி.

கூட்டம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மேடையில் மாலை போட்ட ஜோடியைக் கண்டால் நம் ஆட்கள் செய்வதைச் செய்தது. வரிசை கட்டி மேடையேறியது. கை குலுக்கியது, பொட்டலத்தைக் கொடுத்தது, போட்டோவுக்கு நின்றது.

பெண்ணாக நடித்த டெபோரா பல்லைக் கடித்தபடி சிரித்தாள். "அக்கா, இன்னும் எத்தனை பேரு?" என்றாள் உதடு அசையாமல்.

"சிரிச்சுக்கிட்டே வாங்கி வை!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ரத்தினபாயின் குரல் வந்தது.

இந்த நேரத்தில் அப்பா வேஷக்காரர் மேடை ஓரத்து ஆட்டோவிலிருந்து தன் வசனத்தைச் சொல்லிவிட்டார்: "எங்க அண்ணன் இருக்கிற இடத்துல என் கால் படாது!"

வரிசை அப்படியே நின்றது. "ஏய்யா, பொண்ணு கண்ணு கலங்குது, எறங்கி வாய்யா!" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

வேதசிரோமணிக்குப் பொறுக்கவில்லை. இதை எண்ணிக் கையெழுத்துப் போட்டால் வித்தவுட்டில் வந்தவனுக்கு முதல் வகுப்பில் படுக்கை கொடுத்தது போல ஆகும். அவர் மேடையை நோக்கி நடந்தார். சௌகத் அலி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், இருநூறு தாண்டிருச்சு. வாயத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

ரத்தினபாய் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "விடுங்க பாய். வேற எதுக்கோ வந்த கூட்டத்தக் காட்டி எனக்கு மேடை வேண்டாம். சொல்லுங்க சார்."

வேதசிரோமணி மைக்கைப் பிடித்தார். "இது நாடகம். உங்க ரிசப்ஷன் பக்கத்துத் தெருவுல."

அதன்பின் அரைமணி நேரம் நாடகம் நின்றது. எல்லாப் பொட்டலமும் ஒரே கடைத் தாள். எது யாருடையது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் மேடையே கடிகாரக் கடையாகிவிட்டது. நாற்பத்துமூன்று என்பது பாயின் எண்ணிக்கை. திருப்பிக் கொடுத்த வேதசிரோமணி எண்ணியது நாற்பத்துநான்கு. கடைசிப் பட்டுப்புடவையும் போனதும் அரங்கில் பதினாறு பேர். ஏசிக்காரர்கள் மூவரும் விருந்து வாசனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விட்டார்கள்.

"பதினாறு பேருக்கு நடிப்போம்," என்றார் ரத்தினபாய்.

வேதசிரோமணி தாளை எடுத்து எழுதப் போனார். வாசலில் செருப்புச் சத்தம். பீடா மென்றுகொண்டு ஒரு பெண்மணி, பின்னால் ஒரு தெருக்கூட்டம். வேதசிரோமணி குறுக்கே கையை நீட்டினார்.

"ரிசப்ஷன் இங்க இல்லம்மா."

"தெரியும் சார். துன்னுட்டுதான் வரேன். அந்தப் பொண்ணோட அப்பன் உள்ள வந்தானா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு." அவள் பெயர் காமு, மாப்பிள்ளைக்கு அத்தை முறை. "எங்க வூட்லயும் இதே மாரி ஒரு மனுசன் கீறாரு சார். எறங்கவே மாட்டாரு."

அவர் நம்பவில்லை. அடுத்தவரை நிறுத்தினார். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஆட்டோல இருந்தவர் இறங்கிட்டாரா சார்?"

அதற்கடுத்தவரும் ஆட்டோவைத்தான் கேட்டார். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சௌகத் அலியைத் தேடினார். பாய் ஒரு தூணில் சாய்ந்து வாயைப் பிளந்து நின்றார். அந்த முகத்தில் திட்டம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக நிஜப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வந்தார்கள்.

"நீங்களுமா?"

"எல்லாரும் சாப்பிட்டுட்டு இங்க ஓடி வராங்க அங்கிள்," என்றாள் பெண். "நாங்க ரெண்டு பேரு மட்டும் அங்க நின்னு யாரைப் பார்த்துச் சிரிக்கறது?"

வேதசிரோமணி கையை இறக்கினார். மூன்றாம் காட்சி தொடங்கியதும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார். அப்பா ஆட்டோவிலிருந்து ஒரு காலை இறக்கியபோது எழுந்த கைதட்டலில் எண்ணிக்கை தப்பி, மூன்றாம் முறையும் எண்ணினார்.

திங்கட்கிழமை அவர் மேலாளர் அறைக்குள் வந்ததும் சௌகத் அலி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அறை வாசலில் ரத்தினபாய்.

"நானூறு பேராமே சார்?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"பொய். இருநூத்தி எழுபத்தொண்ணு."

ஜெயகிருஷ்ணன் சௌகத் அலியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா பாய்? சரி, பாதிக்கு மேல இருக்கு. ஆனா வழி தப்பி வந்தவங்கதானே?"

"வழி தப்பி வந்தவங்களை நான் வெளிய அனுப்பிட்டேன். இது தெரிஞ்சே வந்தவங்க. ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்டேன்."

"கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளைகூடவா? நீங்களே நம்பறீங்களா சார்?"

வேதசிரோமணி தாளில் கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் தள்ளினார்.

"நம்பல சார். இப்பவும் நம்ப முடியல. ஆனா நடந்துச்சு."