நடந்து வந்தவர்களின் மடு

ஓடையில் குளிக்க வருகிறவர்களிடம், "வந்துபோக என்ன செலவு?" என்று கேட்பதுதான் கிளாடிஸின் வேலை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே அந்த ஓடை இரண்டாகப் பிரிகிறது. கிளைக்கு ஒரு மடு. மேலே கட்டிக்கொண்டிருந்த சொகுசு விடுதியின் கழிவுநீரை ஏதாவது ஒரு கிளையில்தான் விட வேண்டுமாம். வருகிறவர்கள் செய்யும் செலவையெல்லாம் கூட்டினால் வருவதுதான் மடுவின் மதிப்பாம்; எந்த மடுவுக்கு மதிப்பு அதிகமோ அது தப்பிக்கும். தெற்கு மடு அவள் காலனிக்காரர்களுடையது. கூட்டம் அங்கேதான் அதிகம் என்பதால் கிளாடிஸ் தைரியமாகத்தான் இருந்தாள்.

வடக்கு மடுவில், காந்திபுரத்திலிருந்து காரில் வந்தவர்கள் பெட்ரோல், பிரியாணி என்று அடுக்கினார்கள். தெற்கு மடுவில், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த அவள் அம்மா அமலி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். ஆறு நாள் களையெடுத்த முதுகுக்கு வாரத்தில் இது ஒன்றுதான் சுகம்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குப் பின்னால நடந்து வாரதுக்கு என்ன செலவு? ஒண்ணுமில்லீன்னு போட்டுக்க!"

மற்றவர்களும் அதையே பெருமையாகச் சொன்னார்கள். கிளாடிஸ் ஒவ்வொருவருக்கும் நேராகப் பூஜ்யம் போட்டாள். பொய்யாக ஒரு பஸ் கட்டணமாவது போட்டிருக்கலாம், கை வரவில்லை. பெரிய அரிச்சந்திரன் பரம்பரை பாருங்கள்!

"தெற்கு மடுவுக்கு மதிப்பு பூஜ்யமுங்க அம்மணி. நம்ம வேலை சுலபமாப் போச்சு" என்றார் அவளை வேலைக்கு வைத்த விடுதிக் கம்பெனியின் மேலாளர் சென்னகேசவன்.

"வருசம் பூரா குளிக்கறாங்க சார். எங்கம்மாவும்தான்."

"இருக்கலாமுங்க. செலவு பண்ணி வரலையே? நீங்கதானுங்களே கேட்டுப் பதிஞ்சீங்க."

அவர் குரலில் துளி கோபமில்லை. டீ சாப்பிடுங்க என்று உபசரிக்கவும் செய்தார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று மாதக்கணக்கில் தள்ளினாள். விடுதி திறந்தாயிற்று என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அம்மாவைத் தேடினாள். அமலி முன்னமே கிளம்பிவிட்டிருந்தாள்.

கிளாடிஸ் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். மடுவின் நடுவில் கழுத்தளவு நின்ற அமலி மகளைக் கண்டதும் கையசைத்தாள்.

"வா கண்ணு! தண்ணி இன்னைக்கு வெதுவெதுன்னு எத்தன சொகமா இருக்குது!"

மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீர் சித்திரை வெயிலில்கூட வெதுவெதுத்ததில்லை.

"அம்மா, வெளிய வா!" என்று கிளாடிஸ் கத்துவதற்குள், அமலி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.