மூடலாமா, சிஸ்டர்?

1

இந்தக் கதை நான் தேடிப்போனது இல்லை. அக்கா ஒரு மத்தியானம் போன் செய்து கொட்டித் தீர்த்தது. முதல் வரி இப்படி வந்தது: ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடமாக நர்ஸாக இருப்பவளின் கணக்கு தப்பியதே... [வேண்டாம். புகழ்ந்து ஆரம்பித்தால் பயம் ஒளிந்துகொள்கிறது.]

2

அக்காவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருடமாக மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. போன மாதம்தான் ஹெபடைடிஸ் சி-யும் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருப்பது தெரிந்தது. (எப்படி வந்தன என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு யோசனை மந்தமாகலாம், மறதி வரலாம் என்றார் டாக்டர்.

3

அவள் போன் செய்த அன்று காலை ஒரு வயிற்று ஆபரேஷன். தையல் போடுமுன், உள்ளே வைத்த துணிகளை எண்ணுவது அக்காவின் பொறுப்பு. ஒன்பது வந்தது. ஆரம்பத்தில் பலகையில் எழுதி வைத்த கணக்கோ, அவள் கையெழுத்திலேயே, பத்து.

கூட எண்ணிய நர்ஸ் கிசுகிசுத்தாள். "தப்பா எழுதிட்டீங்களாக்கா? துணிப் பாக்கெட்டைப் பிரிச்சது நீங்கதானே?"

பிரித்தது நினைவில்லை. எழுதியதும் நினைவில்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"மூடலாமா, சிஸ்டர்?" என்றார் சர்ஜன்.

[இங்கே அவளை 'மூடலாம்' என்று சொல்ல வைத்து எழுதினேன். படித்துக் காட்டியதும், "டேய், நான் அவ்ளோ மோசமாடா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

"மூடாதீங்க டாக்டர். எனக்கு ஞாபகம் இல்ல. தேடிப் பாருங்க."

குடலுக்கு அடியில், ரத்தத்தில் ஊறி, குடலோடு குடலாகக் கிடந்தது பத்தாவது துணி.

4

"கிடைச்சிருச்சேக்கா, அப்புறம் ஏன் அழறே?" என்றேன் போனில்.

"கையில எடுத்துப் பார்த்தப்பவும் ஞாபகம் வரலடா. வேற யாரோ வச்ச மாதிரி இருந்துச்சு."

ஈரலுக்கு மூன்று மாத மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மறதி தேறுமா என்றால், "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

5

இன்று காலை தலைமை நர்ஸான மேட்ரனிடம் தன் மறதியைப் பற்றிய உண்மையைச் சொல்லப் போனாள். முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேட்ரன் அவளை ஃபைல் அறைக்கு மாற்றுகிறார். இன்னொன்றில் மூன்று மாதம் லீவு கொடுத்து, "தேறி வாம்மா" என்கிறார்.

இரண்டையும் கிழித்தேன். அக்கா இப்போது எதையும் என்னிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்கிறாள். நான் எழுதுவதே நடந்தது என்று நம்பிவிடுவாள். முடிவை நான் எழுதப் போவதில்லை.

அவள் கதவைத் தட்டிவிட்டாள். உள்ளே, மேட்ரன் நாற்காலியில், நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.