அங்கியைக் கழற்றிய பின்

மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுப்பதற்குள் அப்பா முடிவைச் சொன்னார். அடுத்த ஞாயிறு சபையின் போதகர் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கப் போகிறாராம். அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான். அண்ணி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

தாத்தா தொடங்கிய சபை. அவருக்குப் பிறகு அப்பா. மோசேயின் அண்ணன் ஆரோனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் ஆசாரியப் பணியைக் கொடுத்ததுபோல் இது எங்கள் வீட்டு ரத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பார். இருக்கட்டும். அந்த ரத்தம் அண்ணன் உடம்பில் ஓடவில்லையா? சின்ன வயதுக் காய்ச்சலில் அவனுக்கு இடது கால் சூம்பிப்போனது. அதை இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறி இறங்குகிறான். சாகக் கிடப்பவர்கள் ஜெபத்துக்கு அப்பாவைக் கேட்பதில்லை, அவனைத்தான் கேட்கிறார்கள். நானோ படிப்பைப் பாதியில் விட்டவன். கிடங்கில் இரவுக் காவல் பார்த்துவிட்டு ஞாயிறு ஆராதனையில் வாயைப் பிளந்து தூங்குபவன். என் ஒரே தகுதி, இரண்டு கால்களும் ஒரே நீளம்.

"ஏன்பா, அண்ணன் இல்லையா?"

"ஊனமுள்ளவன் பலிபீடத்துகிட்ட வரக்கூடாதுன்னு வேதம் சொல்லுது. நான் சொல்லல."

"அவன் பரிசுத்த அப்பத்தைச் சாப்பிடலாம்னும் அதே இடத்துலதான் சொல்லுது. பிள்ளையே இல்லன்னு தள்ளலயே."

"அதான் சாப்பாடு போடறோமே" என்றார் அப்பா.

அண்ணி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்த வேகத்தில் கரண்டி துள்ளியது. "மாமா, ஆசாரியன் ஏலியோட பையன்க ரெண்டு பேருக்கும் கால் நல்லாத்தான் இருந்துச்சு. பலி கொண்டுவந்தவங்க கறியப் பிடுங்கித் தின்னானுங்க. அந்த வீட்டையே ஆண்டவர் தள்ளிட்டார்."

"வீட்டுக்கு வந்தவ எனக்குப் பிரசங்கம் பண்ணாத."

"உங்க பையன் பண்ணா கால் சரியில்ல. நான் பண்ணா வீட்டுக்கு வந்தவ. அப்ப யாருதான் பண்றது, இந்தத் தூங்குமூஞ்சியா?"

எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் "விடு" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல்தான் என்னை எரித்தது. கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏண்ணே வாயே திறக்க மாட்டேங்கற?"

"வார்டுல எவனும் என்னைக் காலைக் காட்டுன்னு கேக்கலடா."

ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்தவன் ஆரோன். அவனையே தள்ளாத ஆண்டவர் ஒரு சூம்பிய காலைப் பார்த்தா முகம் சுளிப்பார்? ஆசாரியன் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களை நெஞ்சில் சுமந்துதான் உள்ளே போவான். எனக்குப் புரிந்தவரை வம்சம் என்பது அந்தச் சுமைதான். எங்கள் சபையில் யார் பிள்ளைக்கு வேலை போனது, யாருக்குக் கட்டி வந்தது என்று சுமப்பவன் அண்ணன். எனக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரர் பெயரே தெரியாது.

மாட்டேன் என்று வாரம் முழுக்கச் சொன்னேன். "முன்னால வந்து நில்லு, கிருபை தானா வரும்" என்றார் அப்பா.

வேதத்தில், மலை உச்சியில் மோசே ஆரோனின் உடையைக் கழற்றி அவன் மகனுக்கு உடுத்தினான். ஆரோன் அங்கேயே செத்தான். அதை வைத்துத் தாத்தா ஒரு வழக்கம் உண்டாக்கியிருந்தார். மகன் முன்னால் வந்து நின்றதும் போதகர் தன் அங்கியைக் கழற்றி அவனுக்கு மாட்டவேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடக்கூடாது. ஞாயிறன்று அப்பாவுக்கு என்ன அவசரமோ, நான் எழுந்திருக்கும் முன்பே கழற்றிவிட்டார்.

நான் எழவில்லை.

"வாடா" என்றார். பிறகு மெதுவாக, "வாப்பா."

பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். வியர்வையில் ஒட்டிய பனியனோடு அப்பா நின்றார். அவர் இத்தனை ஒல்லி என்று எனக்குத் தெரியாது. சபையின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, என் பக்கம் அல்ல. அண்ணன் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த நடைபாதைக்கு வந்தான். அங்கிக்காக வந்தானா, அப்பாவைத் தாங்கிப் பிடிக்க வந்தானா, தெரியவில்லை. அப்பா அங்கியை நீட்டவும் இல்லை, பின்னுக்கு இழுக்கவும் இல்லை. அதன் ஒரு கை மட்டும் மின்விசிறிக் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது.