‘வேண்டாம்’ என்ற பொத்தான்

பெங்களூரு பீன்யாவில் ஷிஃப்ட் முடிந்து நேரே வங்கி அலுவலகக் கேன்டீனுக்கு வந்திருந்தாள் நாகரத்னா. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். தலைமுடியில் இன்னும் பஞ்சுத் தூசி. உப்புமாவும் கேசரியுமாக வாங்கி வைத்த சௌசௌபாத் ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண் போனிலேயே இருந்தது.

எதிரே ஸ்பூர்த்தி. வங்கியின் மொபைல் செயலியை வடிவமைப்பவள். ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் உருவாக்கிய புது வசதிக்குப் பெயர் ‘ஜோடி’. கணவனும் மனைவியும் ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கலாம். சோதனைக்காக ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்பதால்தான் நாகரத்னாவை அழைத்துக் கருத்துக் கேட்டாள். ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ இரண்டு பொத்தானையும் ஒரே அளவில் வைத்ததில் ஸ்பூர்த்திக்குத் தனிப் பெருமை. யாரையும் வற்புறுத்தவில்லையாம்.

கணவன் அனுப்பிய கோரிக்கை மூன்று நாளாக நாகரத்னாவின் திரையில் நின்றது.

“மேடம், வேண்டாம்னு அழுத்தினா அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. உடனே மெசேஜ் போயிடும்.”

“அழுத்தாம சும்மா விட்டா?”

தினமும் சாயங்காலம் இருவருக்கும் நினைவூட்டல் போகும் என்றாள் ஸ்பூர்த்தி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

மகளின் நர்சிங் படிப்புக்காக இரண்டு வருட ஓவர்டைம் காசு அந்தக் கணக்கில் இருந்தது. கணவனுக்குத் தெரிந்தால் பிடுங்கி ஒரே மாதத்தில் குடித்துத் தீர்த்துவிடுவான். நாகரத்னா இதை மெதுவாகத்தான் சொன்னாள்.

கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஸ்பூர்த்தி மேலாளர் ரகுநந்தனிடம் ஓடினாள். அந்தக் கோரிக்கையை இப்போதே நீக்க வேண்டும் என்றாள். அவர் சிரித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள், ஒரு வீட்டுச் சண்டைக்காக ‘ஜோடி’யில் கை வைக்க முடியுமா என்றார்.

திரும்பி வந்தபோது நாகரத்னா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ‘சம்மதம்’ அழுத்திவிட்டாள்.

“ஏன்க்கா? இருக்கச் சொன்னேனே.”

“அவரு போன் பண்ணிட்டாரு மேடம். வேண்டாம்னா அடி விழும். சம்மதம்னா பணம் மட்டும்தான் போகும்.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூட ஸ்பூர்த்திக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. மறுபடி ரகுநந்தன் முன்னால் போய் நின்றாள்.

“இன்னொரு சம்மதம் வந்திருக்கு சார், சேத்துக்கோங்க. அந்தப் பொத்தானை வரைஞ்சவ நான்தான், தப்பும் என்னோடதுதான். பயமில்லாம வேண்டாம்னு சொல்ல முடியாத இடத்துல நாம வாங்குறதுக்குப் பேரு சம்மதம் இல்ல சார்.”