திறக்காத பெட்டி

அந்த மரப்பெட்டி ஏழு நாடு சுற்றி வந்தது. எந்த நாட்டுக் குழந்தை கஷ்டமான வேலையை எவ்வளவு நேரம் விடாமல் முயன்று பார்க்கிறது என்று அளப்பதற்காகச் செய்த பெட்டி. பூட்டு உண்டு, ஆறு சாவி உண்டு, ஒன்றும் சேராது. சேரக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். குழந்தை எத்தனை நிமிஷத்தில் கைவிடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ரகசியத்தை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒரு வாய்க்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி, அப்புறம் அந்த ஊரில் பெட்டி செல்லாக்காசு.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெட்டியை வைத்துச் சோதனை நடத்துகிறவளை பிள்ளைகள் 'டெஸ்ட் அக்கா' என்று கூப்பிடும். அவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அன்று நான்காவதாக வந்தவள் பட்டாணி. ஐந்து வயது, வீட்டில் வைத்த செல்லப்பெயர். அப்பன் பஸ் மெக்கானிக். பெற்றவர் கூடவே உட்கார வேண்டும், பேசக் கூடாது என்பது விதி. பட்டாணி ஒரு சாவியைப் போட்டுப் பார்த்தாள், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த சாவி, மறுபடியும் அப்பா. நாற்பது வினாடியில் சாவிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றான் மெக்கானிக். "மத்த பிள்ளைங்க எவ்ளோ நேரம் பண்ணுதுங்க?"

வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நாலஞ்சு நிமிஷம் பண்ணுவாங்க சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

கன்னத்தில் விழுந்த அறையில் பட்டாணி நாற்காலியோடு சாய்ந்தாள். பின்னங்கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "தெறடி!" முடியவில்லை. அடுத்த அடியில் உதடு பிளந்து பூட்டின் மேல் ரத்தம் சொட்டியது.

"சார், அடிக்காதீங்க! குழந்தை சார்!"

"கோழி மிதிச்சு குஞ்சு சாகாதும்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அடி நின்றுவிடும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் கதவு திறந்து கிடக்கிறது, வெளியே வரிசையில் இன்னும் பதினொரு பிள்ளைகள், இரண்டு மாத உழைப்பு. பாவி, அந்த நேரத்திலும் யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் பட்டாணியின் விரல்களைச் சாவியோடு சேர்த்துப் பிடித்துத் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் வெளியே வரை கேட்டது.

"அது தெறக்காது! தெறக்காத மாதிரியே செஞ்ச பெட்டி சார் அது!"

மெக்கானிக் மகளின் விரலைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அதைத் தூக்கி டெஸ்ட் அக்காவின் முகத்தில் ஓங்கி அடித்தான். "என் பிள்ளையை என் கையாலயே ஒடைக்க வச்சிட்டியேடி!" மறுபடி ஓங்குவதற்குள் காவலாளி ஓடிவந்து அவனை இழுத்துப் போனார். போகிற வழியெல்லாம் அழுதான். அடித்த கை அழுது யாருக்கு என்ன லாபம்?

மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக அவள் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தாள். பிள்ளை அழவில்லை.

"அக்கா, அது தெறக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் கண்ணு."

"அப்பா அடிக்கும்போதும் தெரியுமா?"