ஒரே டின்னில் ரெண்டு பேர் குளுசை

எனக்கு உடம்புன்னு சொல்ல எலும்பும் தோலும்தான். பதுளை கிளினிக்ல என்னையத் தராசுல ஏத்தக்கூட இல்ல. "நீங்கள் அங்கால இருங்கோ அம்மா"ன்னு அந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா செல்வநாயகி ஒதுக்கி விட்டுருச்சு. நான் போனது தொணைக்கு. லுணுகலைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல, கொழுந்தெடுக்கப் போறவளுக புள்ளைகளப் பகல்ல பாத்துக்கிற ஆயா நான். மிட்வைப் அம்மா வந்து, "ஆயா, எடை கூடுன பொம்பளைக ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போங்க, எடை எறக்குற மருந்து ஒண்ணு சோதிச்சுப் பாக்குறாங்க"ன்னுச்சு. அடக் கொடுமையே! புள்ளைகளுக்கு எடை ஏறலன்னு மாசா மாசம் நான் ஏச்சு வாங்குறேன், இதுல எறக்குறதுக்கு மருந்தாம். எனக்குச் சிரிப்பு தாங்கல. சுனாமிக்கு முந்தின வருசம் அது.

நான் கூட்டிக்கிட்டுப் போனவள்ல ஒருத்தி வேலாயி, அவ சிரிக்கல. அவளுக்கு அது உசுரு மாதிரி. கல்யாணமாகி எட்டு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. விடிஞ்சா கோதுமை மா ரொட்டி, சீனித் தேத்தண்ணி, பொழுது சாஞ்சாலும் அதேதான். உடம்பு ஊதிப் போச்சு. நாலு மாசம் அஞ்சு மாசம்னு வீட்டுக்குத் தூரமாகாமலே கெடப்பா. உடம்பு எறங்குனா மாசம் ஒழுங்கா வரும், புள்ளையும் நிக்கும்னு டாக்டரம்மா சொன்னப்ப அவ கண்ணப் பாக்கணுமே. புருசன் ஜெயகுமார் கெட்டவன் இல்ல. தாயி பேச்சத் தட்டாதவன், அம்புட்டுதான். அந்தக் கிழவி, "மாரியம்மன் திருவிழா வரைக்கும் பாப்பேன், அப்பறம் பூனாகலையில என் அண்ணன் மகளக் கேட்டுருவேன்"னு லயத்து வரிசை வீடெல்லாம் கேக்கச் சொல்லிட்டா. வாய் புழுத்துப் போக.

கூட வந்த ரெண்டாவது ஆளு நல்லம்மா. நாப்பத்தஞ்சு வயசு, மூணு புள்ள பெத்தவ, முட்டி வலி, பிரசர். வேலாயியும் அவளும் ஒரே நிரையில கொழுந்தெடுக்குறவளுக. நல்லம்மா கை வெரசு. வேலாயியால குனிஞ்சு நிமிர முடியாது, சாக்கு எப்பவும் கொறையும். குறிச்ச கிலோ இல்லாட்டி கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவான், அரை நாள் சம்பளம். அதனால நிறுக்கிறதுக்கு முந்தி நல்லம்மா தன் சாக்குல இருந்து ரெண்டு பிடி அள்ளி அவ சாக்குல போடுவா. எங்க தோட்டத்துல இது புதுசா? உனக்குக் கொறஞ்சா நான், எனக்குக் கொறஞ்சா நீ. அப்படித்தான் எல்லாரும் முழுப்பேர் வாங்குறோம்.

டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு போத்தல் குளுசை, மாத்திரைதான், குடுத்துச்சு. பொறுமையா வெளங்கப்படுத்துச்சு, அதுல குத்தஞ் சொல்ல முடியாது. "பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை. மற்றப் பாதிக்கு அதே மாதிரிக் குளிசைதான், ஆனா உள்ள மருந்தில்லை. ஆருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது. அப்பதான் மருந்து வேலை செய்யுதோ எண்டு சரியாத் தெரியும். ஒராளின்ர போத்திலை மற்ற ஆள் தொடக் கூடாது, சரியோ?"

சரின்னு மண்டைய ஆட்டுனாளுக. கைநாட்டும் வச்சாளுக.

பஸ்ஸுல வரும்போதே வேலாயி அழ ஆரம்பிச்சுட்டா. "ஆயா, எனக்குச் சும்மாக் குளுசையத்தான் குடுத்திருப்பாங்க. என் தலையெழுத்து என்னைக்கு நல்லா இருந்துச்சு?"

"அடி கூறுகெட்டவளே, டாக்டருக்கே தெரியாதாம், உனக்கு எப்புடிடி தெரியும்?"ன்னேன்.

நல்லம்மா தன் போத்தலத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு வந்தா. தோட்டத்துல எறங்கி, நான் புள்ளைகளப் பாத்துக்கிற காம்பராவத் தொறக்கப் போன எடத்துக்கே ரெண்டு பேரும் வந்தாளுக. நல்லம்மா என்கிட்ட, "ஆயா, ஒரு பால்மா டின் குடு"ன்னா. குடுத்தேன். ரெண்டு போத்தலையும் அதுல கொட்டி, கைய விட்டுக் கலந்தா.

"இங்க பாரு வேலாயி. என்னுதுல இருந்தாலும் உனக்குப் பாதி, உன்னுதுல இருந்தாலும் எனக்குப் பாதி. வெறுங்கையோட ஒருத்தியும் போக வேணாம்."

வேலாயி அவள இறுக்கிக் கட்டிக்கிட்டா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. நல்ல மனசுன்னு நெனச்சேன். நல்ல மனசுதான், இப்பவும் அதத்தான் சொல்லுவேன்.

டின் என்கிட்டயே இருந்துச்சு. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒண்ணு, வேலை முடிஞ்சு திரும்பும்போது ஒண்ணு. ரெண்டு மாசத்துல வேலாயி சேலை இடுப்புல ஒரு சுத்து கூட வந்துச்சு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்தா, மூச்சு வாங்குது. "ஆயா, தூரமாயிட்டேன்." சொல்லிட்டு அங்க இருந்த கைப்புள்ள ஒண்ணத் தூக்கப் போனவ, தீட்டுன்னு நெனப்பு வந்து கைய இழுத்துக்கிட்டா. அடுத்த மாசமும் நாள் தவறாம வந்துச்சு. என் வாழ்நாள்ல ஒருத்தி அதுக்காகச் சந்தோசப்பட்டு அன்னைக்குத்தான் பாத்தேன்.

அப்பதான் கிளினிக்ல இருந்து சொல்லி அனுப்புனாங்க, மிச்சக் குளுசையப் போத்தலோட எடுத்துக்கிட்டு வரச் சொல்லி. நல்லம்மா டின்னத்தான் பையில போட்டா. மறைக்கணும்னு ஒருத்திக்கும் தோணல. என்ன களவா செஞ்சோம்?

டாக்டரம்மா மூடியத் தொறந்து பாத்துச்சு. "இது என்ன?"

"ரெண்டு பேருதும் ஒண்ணாப் போட்டுக்கிட்டோங்க டாக்டரம்மா"ன்னா நல்லம்மா, நல்ல காரியம் செஞ்ச மாதிரி.

"ஐயோ கடவுளே! என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்!" அந்தம்மா தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு. கத்துனாக்கூடத் தேவலன்னு இருந்துச்சு. டின்ன மூடி வச்சுட்டு, ரெண்டு பேரையும் சோதனையில இருந்து எடுத்தாச்சு, இனிக் குளுசை குடுக்க ஏலாதுன்னு சொல்லுச்சு.

வேலாயி தரையில ஒக்காந்து அந்தம்மா கால இழுத்துப் புடிச்சா. "திருவிழா வரைக்கும் மட்டும் குடுங்க டாக்டரம்மா. மாசம் வந்துருச்சுங்க, ரெண்டு தடவ வந்துருச்சுங்க."

"என்ர கையில இல்லை பிள்ளை. இந்த மருந்து இன்னும் கடைக்கும் வரேல்லை. எழும்புங்கோ." அந்தம்மா கண்ணும் நெறஞ்சுதான் இருந்துச்சு. நெறஞ்சு என்ன புண்ணியம்? குளுசை வேற ரூமுல பூட்டிக் கெடந்துச்சு.

அதுக்கப்பறம் வேலாயிக்கு மாசம் வரல. ரொட்டியத் தொடாமப் பட்டினி கெடந்தா, மலையில ரெண்டு தரம் மயங்கி விழுந்தா. உடம்பு மட்டும் கரையல. திருவிழாவுல கரகம் சுத்தி வந்தப்ப கிழவி பூனாகலைப் பொண்ணப் பக்கத்துலயே நிப்பாட்டி வச்சிருந்தா. ஜெயகுமார் அழுதுக்கிட்டேதான் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனான். அழுதா மட்டும் போகாதவன் ஆயிருவானா? அங்க வருசத்துக்குள்ள ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. வேலாயி லயத்துக் காம்பராவுல தனியாக் கெடக்குறா.

சோதனை எல்லாம் முடிஞ்ச பெறகு கடைசியா ஒரு தரம் வந்துட்டுப் போகச் சொன்னாங்க. வேலாயி வரமாட்டேன்னுட்டா. நானும் நல்லம்மாவும் போனோம். நல்லம்மா பிரசர் பாத்து முடிச்சதும் கேட்டா, "யாரு போத்தல்ல டாக்டரம்மா மருந்து இருந்துச்சு?"

இனிச் சொல்லலாம்னு கம்பியூட்டரப் பாத்துச்சு அந்தம்மா. "வேலாயின்ர போத்தில்லதான் இருந்தது. உங்கட போத்தில்ல ஒண்டும் இல்லை." அப்பறம் மெதுவா, "முழுசா எடுத்த ஆக்கள் கனபேருக்கு நல்லா இறங்கியிருக்கு. இரண்டு மூண்டு பேர் பிள்ளைத்தாச்சியும் ஆயிட்டினம்"னு சொல்லுச்சு. அத ஏன் சொன்னுச்சோ.

லுணுகலைல நல்லம்மா எறங்குனதும் என் கையப் புடிச்சா. "அவ வாயில போக வேண்டியதப் பாதி நான் தின்னிருக்கேன் ஆயா. சும்மா முட்டி வலிக்கு."

"ஏய், பேசாம வா. ஒனக்கு என்னடி தெரியும் அப்ப?"ன்னேன். 

வேலாயி வாசல்லயே நின்னா. "யாரோடதுலக்கா இருந்துச்சு?"

நல்லம்மா என்னையப் பாத்தா. அப்பறம் அவளப் பாத்து, "என்னுதுல"ன்னா.

வேலாயி மொகம் அப்படியே எளகிப் போச்சு. நல்லம்மா ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "அப்ப என்னுது சும்மாதான். எனக்கு வந்த அந்த ரெண்டு மாசமும் நீ குடுத்ததுக்கா. உன்னுதுல பாதிய எனக்குக் குடுத்தியே. பெத்த தாய்கூடச் செய்ய மாட்டா."

 வேலாயி உள்ள போன பெறகு நல்லம்மா என்கிட்ட, "உண்மையச் சொன்னா அவ உசுரோட இருப்பாளா ஆயா?"ன்னா. இருக்க மாட்டாதான். அதனால நானும் வாயக் கட்டிக்கிட்டேன்.

கொழுந்து நிறுக்குற எடம் என் சன்னலுக்கு நேர. இப்பவெல்லாம் நிறுக்கிறதுக்கு முந்தி வேலாயிதான் தன் சாக்குல இருந்து ரெண்டு பிடி அள்ளி நல்லம்மா சாக்குல போடுறா. வேணாம்டின்னு நல்லம்மா மொத நாள் தடுத்தா. "நீ எனக்குக் குடுக்கலியாக்கா?"ன்னு வேலாயி கேட்டா. அதுக்கப்பறம் நல்லம்மா தடுக்குறதில்ல, தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சாக்க விரிச்சுப் புடிக்கிறா. வேலாயிக்கு அரைப்பேர்தான் விழுது.