ஓட்டுநரின் கையில் ஐந்து எழுத்து

“நிம்மதின்னா நிம்மதிதானே அக்கா. அதுல என்ன இவ்வளவு கேள்வி?”

“எந்த நிம்மதி? சண்டை ஓஞ்ச நிம்மதியா, பிள்ளைங்க தூங்கின நிம்மதியா, செத்த பிறகு வர்ற நிம்மதியா? ஒவ்வொண்ணுக்கும் ஜப்பான்காரன் ஒவ்வொரு சொல்லு வச்சிருக்கான். கடைசியா சொன்னதைக் கழுத்துல குத்திக்கிட்டு அந்தப் பொண்ணு நாளைக்குக் கல்யாண வீட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்?”

“இருபத்திரண்டு வயசு அக்கா அதுக்கு. பரீட்சை முடிஞ்ச நிம்மதியா இருக்கும்.”

“அப்ப ரிசல்ட் வரட்டும்னு சொல்லு. அந்த நிம்மதி நிக்குதான்னு பாப்போம்.”

ஊசி புதுக் கையுறைப் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான். டாட்டூ கடையின் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருந்தது. ஆனால் தெருவில் எல்லாருக்கும் அவன் ஊசிதான். செய்கிற வேலைக்கும் பொருந்தியது, ஆளின் உடம்புக்கும் பொருந்தியது. நாற்பதை நெருங்கியும் இன்னும் சட்டைக்குள் சட்டை தொங்குகிற மாதிரிதான் இருப்பான்.

அவன் அக்கா என்று கூப்பிட்டவள் எதிரே இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒரு நிமிடம் லீவு கொடுக்கிற வழி அது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பம்பு கம்பெனியில் ஜப்பானியக் கையேடுகளை மொழிபெயர்க்கிற வேலை அவளுக்கு. ‘வால்வைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்’ என்பதை வாழ்நாளில் எத்தனை தடவை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இங்கே வந்துவிடுவாள். “உனக்கு ஞாயிறு ஒண்ணுதான் மிச்சம், அதையும் யாருக்காவது எழுதிக் குடுத்துடு” என்று அவள் கணவர் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லாமல் இருந்ததில்லை.

ஒன்பது வருடமாக அவள் வைத்திருக்கும் முறை இது. ஜப்பானிய எழுத்து வேண்டும் என்று வருகிறவர் அவள் முன்னால் உட்கார்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொந்த வாயால் ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் தூரிகைப் பேனாவால் டிரேசிங் தாளில் எழுதிக் கொடுப்பாள். ஓர் ஓரத்தில் அம்புக்குறி போட்டு ‘மேல்’ என்றும் எழுதுவாள். முன்பு ஒருவனின் விலாவில் ஒரு சொல் தலைகீழாக ஏறிய பிறகு வந்த வழக்கம் அது. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஏழு நாள் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் நாளும் ஆசை இருந்தால் திரும்பி வரலாம். அப்போதுதான் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து இல்லாத தாளுக்கு ஊசி தன் மிஷினைத் தொடக் கூடாது.

பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஊசி இதற்கு ‘ஏழு நாள் சாபம்’ என்று பெயர் வைத்திருந்தான். ஆனாலும் மீறியதில்லை.

அவளைச் சோர வைத்தது இவர்கள் இல்லை. ஏற்கெனவே வேறெங்கோ குத்திக்கொண்டு, ‘சரியா இருக்கான்னு சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க’ என்று சட்டையைத் தூக்குகிறவர்கள்தான். சரியாக இருந்தது மிகவும் அபூர்வம். மாவீரன் என்று நினைத்துக் கூலிப்படை ஆள் என்று முதுகில் சுமந்துகொண்டிருந்தவன் கோபித்துக்கொண்டு போனான். ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒருவன், தன் மனைவியிடம் மட்டும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கெஞ்சினான். அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது, அவர்கள் முகம் விழுந்த விதம் நினைவுக்கு வரும்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று யோசித்து, ஒன்றை மட்டும் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“தம்பி, என்னை ஞாபகம் இருக்கா?”

ஊசி நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததும் கையிலிருந்த கையுறைப் பெட்டியை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“பஸ் டிரைவர் சார்தானே?”

“இப்ப ரிட்டயர்டு. இப்ப வீட்டுல இருக்கிற நாலு நாற்காலியத்தான் நகத்திக்கிட்டு இருக்கேன்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்கதான் அந்த ஜப்பான் படிச்சவங்களாம்மா? பக்கத்து டீக்கடையில சொன்னாங்க. ஏழு நாள் காத்திருக்கணுமாமே. நான் எழுபது நாள் வேணும்னாலும் இருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?”

“உக்காருங்க சார்.”

உட்கார்ந்து வலது முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டினார். வெயிலில் வெந்த ஓட்டுநரின் கை. முன்கையின் உட்புறத்தில், நீலம் பாய்ந்த கறுப்பில், மேலிருந்து கீழாக ஐந்து எழுத்து.

“என் வீட்டுக்காரி பேரு. இருபது வருஷம் ஆச்சு. இந்தத் தம்பிதான் போட்டுவிட்டாரு. இவருக்கு நான்தான் முதல் ஆளு. கை நடுங்கினது அவருக்கு, தைரியம் சொன்னது நானு. அப்படித்தானே தம்பி?”

“ஆமா சார்” என்றான் ஊசி.

அவள் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முதல் எழுத்து ஒரு சொல்லின் இடது பாதி, வலது பாதியைக் காணோம். இரண்டாவதற்குக் கால் இல்லை. மூன்றாவது எந்த அகராதியிலும் இல்லாதது. ஐந்தாவது இரண்டாவதேதான். இதை அவள் இதற்கு முன் ஏழு பேர் உடம்பில் பார்த்திருக்கிறாள். எவனோ ஒருவன் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஜப்பானிய எழுத்துகளின் உடைந்த துண்டுகளை ஒட்டி ஓர் அட்டை செய்திருந்தான். அந்த அட்டை கடை கடையாகச் சுற்றியது. அதைப் பார்த்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக் குத்திவிடுவார்கள். ஜப்பானில் பிறந்து வளர்ந்தவராலும் அதைப் படிக்க முடியாது; அவருக்கு அதுவும் பம்பு கையேட்டில் எண்ணெய் சிந்திய பக்கமும் ஒன்றுதான்.

“இதுக்குக் கீழேயே என் பேரு வேணும்மா” என்றார் ஓட்டுநர். “இதே மாதிரி எழுத்துல. அவ போன வருஷம் போய்ட்டா.”

அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து, “புது மை எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஊசியைப் பார்த்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

உள்ளறை என்பது ஒரு கை கழுவும் தொட்டி, ஒரு அலமாரி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத தரை. அவள் கதவைச் சாத்தினாள்.

“பழைய கடைக்காரங்க யாரோ செஞ்சதுன்னு சொன்னே. ஏழு தடவை என்கிட்ட சொன்னே.”

ஊசி அலமாரியின் அடி இழுப்பறையை இழுத்தான். பழைய பில் புத்தகங்களுக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த அட்டை ஒன்றை உருவினான். இருபத்தாறு கட்டம். மூலைகளில் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பிரிந்திருந்தது.

“மை வாங்கினப்ப இலவசமா குடுத்தாங்க அக்கா. எனக்கு என்ன தெரியும்? அச்சுல இருந்துச்சு, சரின்னு நினைச்சேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் போட்டேன்னு எனக்கே கணக்கில்ல. நீங்க வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க கையெழுத்து இல்லாம ஒரு கோடு போட்டிருப்பேனா? சொல்லுங்க.”

“அப்ப இதை ஏன் தூக்கிப் போடல?”

“எவனாவது வந்து பாதியில நிறுத்தினதை முடிச்சுக் குடுன்னா...” தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினான். பிறகும் சொட்டியது. “அக்கா, இதுல இருந்தே அவரு பேரையும் எழுதிடலாம். ஆறு எழுத்து. மேல இருக்கிறதோட பொருந்திடும். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப் போகுது? பொண்டாட்டியே போய்ட்டாங்க. நீங்க போய் ‘அது பேரே இல்ல’ன்னா அந்த மனுஷன் என்ன ஆவாரு?”

“அப்ப என் கையெழுத்து வேண்டாம். நீயே போடு.”

“கையெழுத்து இல்லாம நான் போட மாட்டேன்” என்றான் ஊசி. அவன் கண் கலங்கியிருந்தது. அதில் பிடிவாதமும் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. அவள் போட்ட விதி அவள் கழுத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அட்டையை வாங்கிப் பார்த்தாள். உண்மையான எழுத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எண்ணெயும் தண்ணீருமாக நிற்கும், ஏன் இரண்டும் வேறு மாதிரி என்று அவர் இன்றே கேட்பார். அட்டையிலிருந்து எழுதினால் ஒன்பது வருடம் கையெழுத்துப் போட்டதற்கு அர்த்தமில்லை. சொல்லிவிட வேண்டியதுதான். எத்தனை பேருக்குச் சொன்னோம், இவருக்கும் சொல்வோம். ஐந்து நிமிட வேலை. பிறகு பஸ். அட்டையை இழுப்பறையில் போட்டுவிட்டு, மைப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓட்டுநர் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் பரப்பியிருந்தார்.

“இதையும் பாருங்கம்மா. அளவு பாக்க உதவுமேன்னு கொண்டுவந்தேன்.”

எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவின் மூடி. அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் அதே ஐந்து எழுத்து. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவர் மனைவி கிளார்க்காக இருந்தாராம். எல்லார் டப்பாவும் ஒரே மாதிரி இருக்கிறது, மாறிப்போகிறது என்று ஒரு நாள் அவர் கையைப் பிடித்து மேசைமேல் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினாராம்.

“அதோட விட்டாளா? கேஸ் புக்கு, குடை, தையல் மிஷினு, எல்லாத்துலயும் எழுதினா. என் கைய விட அவ கையெழுத்து அழகா இருக்கும். ஒரு தடவை ஜப்பான்காரர் ஒருத்தர் என் பஸ்ல ஏறினாரு. ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன். என் கையவே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே தலை குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. நானும் குனிஞ்சேன். வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன். ‘என் பேருக்கு அங்க அவ்வளவு மரியாதை, உங்களுக்குத்தான் தெரியல’ன்னா.”

ஊசி ஸ்டெரிலைசருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“அப்புறம் இது.” ஓட்டுநர் ஒரு சின்ன நோட்டைத் தள்ளினார். “ஆஸ்பத்திரியில தொண்டையில குழாய் போட்டுட்டாங்க. பேச முடியாது. எழுதித்தான் காட்டுவா.”

அவள் திறந்தாள். ஒரு பக்கத்தில் ‘தண்ணி’. கீழே ஐந்து எழுத்து. அடுத்த பக்கத்தில் ‘ஃபேனைக் குறைங்க’. கீழே ஐந்து எழுத்து. ‘நீங்க சாப்பிட்டீங்களா’. ஐந்து எழுத்து. போகப் போகக் கோடுகள் சாய்ந்தன. ஆனால் ஒரு கோடும் விடுபடவில்லை.

“ரூம்ல இருக்கிறதே நாம ரெண்டு பேரு, கையெழுத்து எதுக்குடின்னு கேப்பேன். சிரிப்பா. சிரிச்சா குழாய் வலிக்கும், உடனே என்னை முறைப்பா.” அவர் நோட்டைத் தம் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். “இது கடைசி. ‘உங்க பேரும் பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்.’ அதான் வந்தேன்.”

பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தாறு கட்டத்து அட்டையில் பார்த்த உடைந்த துண்டுகள் இந்த நோட்டில் உடைந்தவையாகத் தெரியவில்லை. ஒரு பெண் இருபது வருடம் எழுதி எழுதிப் பழகிய கை அது. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இதைத் தப்பு என்று சொல்ல அவளால் முடியும். சொல்வதற்கு வேண்டிய வாக்கியம்கூடத் தயாராக வாயில் இருந்தது. ஒன்பது வருடத்தில் நூறு தடவை சொல்லித் தேய்ந்த வாக்கியம். ‘தப்பா நினைக்காதீங்க, ஆனா இது...’

“என்ன வேணும்னு ஒரு வாக்கியத்துல சொல்லுங்க சார்” என்றாள். முறை அவளை அறியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

ஓட்டுநர் யோசிக்கவே இல்லை. “அவ பக்கத்துல நான் இருக்கணும்.”

அவள் டிரேசிங் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரத்தில் அம்புக்குறி போட்டாள். ‘மேல்’ என்று எழுதினாள். பேனா மேலே நின்றது. அதற்குப் பிறகு எங்கே இறங்குவது என்று அதற்கும் தெரியவில்லை. ஊசி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதுறதுக்கு முன்னாடி ஒரு உதவிம்மா” என்றார் ஓட்டுநர். குரல் சட்டென்று கூச்சப்பட்டது. முன்கையை மேசையின் மேல், அவள் கண்ணாடிக்கு நேராக, நீட்டி வைத்தார். “இத்தனை வருஷமும் கண்ணாலதான் பாத்திருக்கேன். காதால கேட்டதே இல்ல. அந்த ஊரு ஆளுங்க கூப்பிட்டா அவ பேரு எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை, மெதுவா, படிச்சுக் காட்டுறீங்களா?”